ஒரே மாத்திரை, ஆளுக்கொரு பலன்: மனச்சோர்வு மருந்தும் மரபணுவும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரை ஒருவரைச் சில வாரங்களில் தேற்றிவிடுகிறது. அதே மாத்திரை, அதே அளவில், இன்னொருவருக்குக் குமட்டலையும் படபடப்பையும்தான் தருகிறது. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்தான சிட்டலோப்ராமிலேயே முழுக்கத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். இந்த வேறுபாட்டுக்கு மரபணுவும் ஒரு காரணம்.

கல்லீரலின் வேகம்

உட்கொண்ட மருந்தைச் சிதைப்பவை கல்லீரல் நொதிகள். சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் மருந்துகளைச் சிதைப்பதில் சிஒய்பி2சி19 நொதிக்குப் பெரும் பங்கு உண்டு. பராக்செட்டின், நார்ட்ரிப்டிலின் போன்றவற்றுக்குச் சிஒய்பி2டி6.

இவற்றை உருவாக்கும் மரபணு ஆளுக்கு ஆள் மாறுபடும். நொதி மந்தமாக இருந்தால் மருந்து இரத்தத்தில் தேங்கிப் பக்கவிளைவு கூடும். மிக வேகமாக இருந்தால் மருந்து பலன் தருமுன்பே சிதைந்துபோகும். சிட்டலோப்ராம் தேங்கினால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம். எனவே சிஒய்பி2சி19 மந்தமானவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமே உச்ச அளவு என்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. இத்தகையோர் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடையே அதிகம்.

வயிற்று மாத்திரையும் கணக்கில் வரும்

மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. நெஞ்செரிச்சலுக்குப் பலரும் தாமாகவே வாங்கிப் போடும் ஒமிப்ரசோல், சிஒய்பி2சி19 நொதியை மந்தமாக்கும். அதனுடன் சிட்டலோப்ராம் எடுப்பவர்களுக்கும், 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அதே 20 மில்லிகிராம் வரம்புதான்.

பரிசோதனை எதைச் சொல்லும்?

உமிழ்நீர் அல்லது இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனை, மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவும். எந்த மருந்து நோயைக் குணமாக்கும் என்று அதனால் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்விலும், பரிசோதனையால் கிடைத்த கூடுதல் நன்மை சிறிதே. எல்லோருக்கும் இது தேவையில்லை. பல மருந்துகள் பலிக்காதவர்களும், குறைந்த அளவிலேயே கடும் பக்கவிளைவு கண்டவர்களும் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• எடுத்துவரும் எல்லா மருந்துகளையும், முன்பு ஒத்துக்கொள்ளாதவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள்.
• மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அளவை நீங்களே மாற்றாதீர்கள்.
• தற்கொலை எண்ணம் எழுந்தால் உடனே 14416 என்ற டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

முதல் மாத்திரை பலிக்காதது உங்கள் குற்றமல்ல. சிகிச்சையே பலிக்காது என்றும் பொருளல்ல. அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. மருத்துவரிடம் மறுபடியும் செல்லுங்கள்.