தர்க்க வினாக்களைப் பகுத்தாராய்வது எப்படி?

(சட்டக் கல்லூரி அனுமதிப் பரீட்சை ஒன்றின் வினா அமைப்பை அடிப்படையாகக் கொண்டது)

சட்டத்தரணியாக வர விரும்பும் மாணவர்கள் பலர், சட்டம் படிப்பதற்கு நல்ல ஞாபகசக்தி இருந்தாற் போதும் என நினைக்கின்றனர். ஆனால் ஐக்கிய அமெரிக்காவிற் சட்டக் கல்லூரிகளுக்கு மாணவர்களைத் தெரிவுசெய்ய நடத்தப்படும் பரீட்சையில், விடை எழுதுவதற்குச் சட்ட அறிவு எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு சிறிய பந்தியை வாசித்து, அதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது எனப் பிரித்தறியும் ஆற்றலே அங்கு சோதிக்கப்படுகின்றது.

இத்தகைய வினாக்களுக்குப் பிழையாக விடையளிக்கும் மாணவர்களிற் பலர், தமக்கு ஏற்கனவே தெரிந்த விடயத்தைப் பந்திக்குள் சேர்த்து வாசித்துவிடுகின்றனர். ‘இது உண்மைதானே’ என்று எண்ணி ஒரு விடையைத் தெரிவுசெய்கின்றனர். கேட்கப்பட்டதோ ‘இது பந்தியிலிருந்து பெறப்படுமா?’ என்பதாகும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பரீட்சை பற்றிய அறிமுகம்

அமெரிக்காவிற் சட்டப் படிப்பு பொதுவாக முதற் பட்டம் பெற்ற பின்னரே தொடங்குகின்றது. அதற்கான அனுமதிப் பரீட்சை சுருக்கமாக ‘எல்சாட்’ என அழைக்கப்படும். இது 1948ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தப்பட்டது. கனடாவிலுள்ள பல சட்டக் கல்லூரிகளும் இதனைப் பயன்படுத்துகின்றன. இதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

• ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடங்கள் வழங்கப்படும்.
• இறுதிப் புள்ளி 120 இற்கும் 180 இற்கும் இடையில் அமையும்.
• தர்க்க வினா ஒவ்வொன்றுக்கும் 5 விடைகள் தரப்படும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படமாட்டாது.
• 2024 ஓகஸ்ட் மாதம் முதல், புள்ளியிடப்படும் பகுதிகள் மூன்றாகும். அவற்றுள் இரண்டு தர்க்க வினாப் பகுதிகள். மற்றையது வாசிப்பு விளக்கம். முன்னர் இருந்த புதிர் போன்ற பகுதி நீக்கப்பட்டமையால் தர்க்க வினாக்களின் முக்கியத்துவம் மேலும் கூடியுள்ளது.

தர்க்க வினாப் பகுதியொன்றில் ஏறத்தாழ 25 வினாக்கள் இருக்கும். எனவே ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 84 செக்கன்களாகும். எமது சாதாரண தரப் பரீட்சையில் வரலாறு, விஞ்ஞானம் போன்ற பாடங்களின் பல்தேர்வு வினாத்தாளில் 40 வினாக்களுக்கு 1 மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 90 செக்கன்கள் கிடைக்கின்றன. ஆகவே விரைவாகவும் கவனமாகவும் வாசிக்கும் பழக்கம் உங்களுக்கும் இப்போதே தேவைப்படுகின்றது.

எமது நாட்டிற் பல்கலைக்கழகங்களிற் சட்டம் கற்பதற்கு உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளி அடிப்படையில் மாணவர் தெரிவு இடம்பெறுகின்றது. இலங்கைச் சட்டக் கல்லூரிக்குத் தனியான நுழைவுப் பரீட்சை உண்டு; அதில் நுண்ணறிவு வினாக்களும் இடம்பெறுகின்றன. உயர்தரக் கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்ற பாடத்தைத் தெரிவுசெய்ய எண்ணியிருப்பவர்களுக்கும் கீழ்வரும் விடயங்கள் ஒரு முன்னறிமுகமாக அமையும்.

2. முடிவும் எடுகூற்றும்

தர்க்க வினா ஒன்றில் மூன்று பாகங்கள் உண்டு. அவை பந்தி, வினா, விடைத் தெரிவுகள் என்பனவாகும். முதலில் வினாவை வாசியுங்கள். எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்த பின்னர் பந்தியை வாசிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பந்தியில் உள்ள வாதம் இரண்டு வகையான கூற்றுக்களால் ஆனது. நிறுவ முயலும் கூற்று முடிவு எனப்படும். அதற்கு ஆதாரமாகத் தரப்படும் கூற்று எடுகூற்று எனப்படும். ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆதலால்’ ஆகிய சொற்களின் பின்னர் பெரும்பாலும் முடிவு வரும். ‘ஏனெனில்’ என்பதன் பின்னர் எடுகூற்று வரும்.

இச்சொற்கள் எவையும் இல்லாத பந்திகளும் உண்டு. அப்போது இரு வாக்கியங்களுக்கும் இடையில் ‘ஏனெனில்’ என்ற சொல்லை இட்டுப் பாருங்கள். உதாரணமாக, ‘இக்கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது. இதில் நைத்திரேற்றின் அளவு கூடியுள்ளது’ என்பதில், நடுவில் ‘ஏனெனில்’ இட்டால் பொருள் பொருந்துகின்றது. வாக்கியங்களை இடம்மாற்றி இட்டாற் பொருந்தவில்லை. ஆகவே முதல் வாக்கியமே முடிவாகும்.

கவனிக்க: முடிவு எப்போதும் பந்தியின் இறுதியிலேயே வரும் என எண்ணுதல் தவறாகும்.

3. மறைந்திருக்கும் எடுகோளைக் கண்டறிதல்

எடுகூற்றுக்கும் முடிவுக்கும் இடையிற் பெரும்பாலும் ஓர் இடைவெளி இருக்கும். வாதிப்பவர் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட ஒரு கூற்று அந்த இடைவெளியை நிரப்புகின்றது. இதுவே எடுகோள் ஆகும்.

உதாரணம் 1
‘கடையிற் களவு நடந்த இரவு, பூட்டு உடைக்கப்படவில்லை, திறப்பினாலேயே திறக்கப்பட்டிருக்கின்றது. கடையின் திறப்பு அன்றிரவு காசாளரின் வீட்டில் இருந்தது. ஆகவே காசாளரே களவெடுத்தார்.’

இவ்வாதம் பின்வரும் எடுகோள்களுள் எதிலே தங்கியுள்ளது?
(1) காசாளர் முன்னரும் களவெடுத்துள்ளார்.
(2) காசாளருக்கு அவசரப் பணத்தேவை இருந்தது.
(3) காசாளரைத் தவிர வேறெவரும் அன்றிரவு திறப்பினாற் கடையைத் திறக்கவில்லை.
(4) கடையில் அன்றிரவு காவலாளி இருக்கவில்லை.
(5) களவெடுப்போர் பெரும்பாலும் அவ்விடத்தை அறிந்தவர்களே.

இங்கு பயன்படுவது மறுத்துப் பார்க்கும் முறையாகும். ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்துவிட்டால் அதுவே விடை.

(2) ஐ மறுத்தால், ‘காசாளருக்குப் பணத்தேவை இருக்கவில்லை’ என வரும். தேவையில்லாமலும் ஒருவர் களவெடுக்கலாம், வாதம் சரியவில்லை. (1), (4), (5) ஆகியவற்றை மறுத்தாலும் நிலைமை இதுவே. (3) ஐ மறுத்தால், ‘வேறொருவர் திறப்பினாற் கடையைத் திறந்தார்’ என வரும். அப்படியானாற் காசாளரைக் குற்றவாளியாக்க எடுகூற்றுக்கள் போதா. எனவே விடை (3) ஆகும்.

(1), (2) ஆகிய விடைகள் மாணவர்களை ஏன் கவருகின்றன? அவை காசாளர் மீது சந்தேகத்தைக் கூட்டுகின்றன. ஆனால் வினா கேட்டது சந்தேகத்தைக் கூட்டும் கூற்றை அன்று. வாதத்துக்கு இன்றியமையாத கூற்றையே. குற்றவியல் வழக்கொன்றிற் குற்றம் நியாயமான சந்தேகத்திற்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணி, ‘அந்தத் திறப்புக்கு இன்னொரு பிரதி இருந்ததா?’ எனக் கேட்பது இந்த இடைவெளியைக் கண்டமையாலேயாகும். அக்கேள்வியைக் கேட்க எவரும் இல்லாவிடின் குற்றமற்ற ஒருவர் சிறைக்குச் செல்ல நேரிடலாம். இப்பயிற்சியின் பெறுமதி பரீட்சைப் புள்ளியோடு முடிந்துவிடுவதில்லை.

4. ‘மட்டுமே’ என்ற சொல்லின் வலிமை

பின்வரும் இரு விதிகளையும் ஒப்பிடுக.

விதி க: அனுமதி அட்டை இருந்தால், மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படுவார்.
விதி ங: அனுமதி அட்டை இருந்தால் மட்டுமே, மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படுவார்.

இவற்றிலிருந்து நான்கு அனுமானங்களைச் செய்து பார்ப்போம்.

(அ) அட்டை இருந்தது, ஆகவே அனுமதிக்கப்பட்டார். (விதி க: பெறப்படும். விதி ங: பெறப்படாது.)
(ஆ) அனுமதிக்கப்படவில்லை, ஆகவே அட்டை இருக்கவில்லை. (விதி க: பெறப்படும். விதி ங: பெறப்படாது.)
(இ) அனுமதிக்கப்பட்டார், ஆகவே அட்டை இருந்தது. (விதி க: பெறப்படாது. விதி ங: பெறப்படும்.)
(ஈ) அட்டை இருக்கவில்லை, ஆகவே அனுமதிக்கப்படவில்லை. (விதி க: பெறப்படாது. விதி ங: பெறப்படும்.)

ஒரு சொல் சேர்ந்ததும் நான்கு விடைகளும் தலைகீழாக மாறிவிட்டன. விதி க இல் அட்டை போதிய நிபந்தனையாகும். அது இருந்தாலே போதும். விதி ங இல் அட்டை அவசியமான நிபந்தனையாகும். அது இல்லாமல் முடியாது, ஆனால் அது மட்டும் போதும் எனச் சொல்லப்படவில்லை. அட்டையைக் கொண்டுவந்தவர் தேசிய அடையாள அட்டையை மறந்து வந்திருக்கலாம் அல்லவா?

நினைவிற் கொள்க: ‘மட்டுமே’, ‘தவிர’, ‘ஒழிய’, ‘எல்லா’, ‘சில’, ‘பெரும்பாலான’ ஆகிய சொற்களைக் கண்டவுடன் அவற்றின் கீழ்க் கோடிடுங்கள். பல வினாக்களின் விடை இச்சொற்களிலேயே தங்கியிருக்கும்.

5. காரணம் பற்றிய வாதங்கள்

உதாரணம் 2
‘இந்நகரில் மாலைநேரத் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவர்கள், செல்லாத மாணவர்களைவிடச் சராசரியாகக் கூடிய புள்ளிகளைப் பெறுகின்றனர். ஆகவே தனியார் வகுப்பே அவர்களின் புள்ளியைக் கூட்டுகின்றது.’

பின்வருவனவற்றுள் எது இவ்வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?
(1) வகுப்புக்குச் செல்லாத மாணவர் சிலரும் கூடிய புள்ளிகளைப் பெற்றுள்ளனர்.
(2) வகுப்புக் கட்டணம் வருடாவருடம் கூடி வருகின்றது.
(3) வகுப்பில் மாதிரி வினாத்தாள்கள் பயிற்சியாகச் செய்யப்படுகின்றன.
(4) வகுப்பிற் சேர்வோரின் சராசரிப் புள்ளி, அவர்கள் சேர்வதற்கு முன்னரே ஏனையோரைவிட அதே அளவு கூடுதலாக இருந்தது.
(5) வேறு நகரங்களிலும் தனியார் வகுப்புகள் நடைபெறுகின்றன.

இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதாற் மட்டும் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காரணமும் விளைவும் இடம்மாறி இருக்கலாமா? இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் உண்டா? வேறுபாடு முன்னரே இருந்ததா?

(4) மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்கின்றது. வேறுபாடு வகுப்புக்கு முன்னரே இருந்ததெனின், வகுப்பு அதனை உண்டாக்கியது என்று சொல்வதற்கில்லை. விடை (4) ஆகும். பலர் (1) ஐத் தெரிவுசெய்வர். ஆனால் பந்தி சராசரியைப் பற்றியே பேசுகின்றது. சிலர் விதிவிலக்காக இருப்பது சராசரியோடு முரண்படாது. (3) வாதத்தைப் பலப்படுத்துகின்றது. (2), (5) ஆகியன புறம்பானவை. தனியார் வகுப்பாற் பயனில்லை என (4) நிறுவவில்லை என்பதையும் கவனிக்க. தரப்பட்ட ஆதாரம் அம்முடிவுக்குப் போதாது என்பதே அது காட்டுவதாகும்.

6. பிழையான விடைகளின் வகைகள்

(அ) புறம்பான விடை: பந்தி பேசாத விடயத்தைச் சொல்லும்.
(ஆ) உண்மையான ஆனால் பெறப்படாத விடை: உலகில் உண்மையாயிருக்கும், பந்தியில் ஆதாரம் இருக்காது.
(இ) மிகைப்படுத்திய விடை: பந்தி ‘சில’ என்றால் விடை ‘எல்லா’ என்னும்.
(ஈ) தலைகீழான விடை: நிபந்தனையை அல்லது காரணத்தை இடம்மாற்றும்.
(உ) எதிர்மாறான விடை: பலவீனப்படுத்தக் கேட்டாற் பலப்படுத்தும்.

‘எல்லா’, ‘ஒருபோதும்’ போன்ற கடுமையான சொற்கள் உள்ள விடைகளை எப்போதும் நீக்கிவிடலாம் எனச் சிலர் நினைப்பர். இது சரியன்று. ‘கட்டாயம் உண்மையாக வேண்டியது எது?’ எனக் கேட்டால் அவற்றை ஐயத்துடன் பாருங்கள். ‘மிகவும் பலவீனப்படுத்துவது எது?’ எனக் கேட்டால் கடுமையான கூற்றே பொருத்தமான விடையாகலாம்.

7. பயிற்சி வினாக்கள்

(1) ‘பஸ் கட்டணத்தைக் கூட்டுவது நட்டத்தைக் குறைக்காது. கட்டணம் கூடினாற் பயணிகள் சிலர் துவிச்சக்கர வண்டிக்கு மாறிவிடுவர்.’ முடிவு எது? எடுகோள் எது?

(2) ‘வாசிகசாலை உறுப்பினர்களிற் பெரும்பாலானோர் மாணவர்கள். உறுப்பினர்களிற் பெரும்பாலானோர் தினமும் பத்திரிகை வாசிப்பவர்கள்.’ கட்டாயம் உண்மையாக வேண்டியது எது?
(அ) மாணவ உறுப்பினர்களிற் பெரும்பாலானோர் தினமும் பத்திரிகை வாசிப்பவர்கள்.
(ஆ) மாணவ உறுப்பினர் ஒருவரேனும் தினமும் பத்திரிகை வாசிப்பவர்.
(இ) மாணவரல்லாத உறுப்பினர் எவரும் தினமும் பத்திரிகை வாசிப்பதில்லை.

(3) ‘சாட்சி கூறியதை உறுதிப்படுத்த வேறு ஆதாரம் எதுவும் இல்லை. ஆகவே அவர் கூறியது பொய்.’ இவ்வாதத்திலுள்ள குறைபாடு யாது?

விடைகள்

(1) முதல் வாக்கியமே முடிவு. பயணிகள் குறைவதால் ஏற்படும் இழப்பு, கூடிய கட்டணத்தாற் கிடைக்கும் மேலதிக வருமானத்தைவிடக் குறைவாக இராது என்பது எடுகோள்.

(2) விடை (ஆ). உறுப்பினர் 100 பேர் எனக் கொள்க. மாணவர் 51 பேர், வாசிப்போர் 51 பேர் ஆயின், இரண்டின் கூட்டுத்தொகை 102. ஆகவே குறைந்தது 2 பேர் இரண்டு கூட்டத்திலும் இருக்க வேண்டும். அந்த 2 பேர் மட்டுமே எனின் (அ) பொய்யாகும். மாணவரல்லாத 49 பேரும் வாசிப்போராவதால் (இ) யும் பொய்யாகும்.

(3) ஒரு கூற்று நிரூபிக்கப்படாமை வேறு, அது பொய்யென நிரூபிக்கப்படுதல் வேறு. ஆதாரம் இல்லாவிடினும் கூற்று உண்மையாக இருக்கலாம்.

மாணவர்களே, பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தில் நாளொன்றுக்கு ஒரு பந்தியை எடுத்து, முடிவின் கீழ்க் கோடிட்டு, எடுகூற்றுக்களை இலக்கமிட்டு, சொல்லப்படாத எடுகோளை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். நீங்கள் ஏற்றுக்கொள்ளும் கருத்தைச் சொல்லும் பந்திகளையே முதலில் எடுங்கள். உடன்படும் கருத்திலுள்ள இடைவெளியைக் காண்பதே கடினமானது. அது கைவந்துவிட்டால் ஏனையவை இலகுவாகும்.