கட்டிவைத்த இழை

திருகோணமலைக் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்து நிற்போர் பலர். வலையைத் தோணியில் ஏற்றும் வேலையைப் பார்த்து நிற்போர் சிலரே. ஆனால் வலைத்தொழிலின் நுட்பம் பாதி அங்கேதான் இருக்கிறது. கயிறு, சிறகு, மடி, மீண்டும் சிறகு, கயிறு என நீண்டுகிடக்கும் அப்பெருவலையை மடித்து அடுக்கும்போது, கடலில் முதலில் இறங்கவேண்டியது மேலும், கடைசியில் இறங்கவேண்டியது அடியிலும் அமைதல் வேண்டும். அடுக்குமுறை பிசகினால், கண்ணும் நூலும் பழுதற்ற வலையாயினும் பயனில்லை.

உயிரினுள்ளும் இத்தகைய அடுக்குமுறை ஒன்று உண்டு. இன்றைய உயிரியலார் பெரிதும் ஆராய்ந்துவரும் பொருள்களுள் அதுவும் ஒன்று.

இலங்கைப் பாடநூல்கள் உயிரின் அடிப்படை அலகைக் ‘கலம்’ என்று வழங்குகின்றன. தமிழ்நாட்டார் ‘செல்’ என்றும் ‘உயிரணு’ என்றும் கூறுவர். உண்கலத்தையும் மரக்கலத்தையும் ஒருங்கே நினைவூட்டும் நம்முடைய சொல்லே அழகியது என்பது என் எண்ணம். அறிவியற் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்ட விபுலாநந்த அடிகள் பணிபுரிந்த ஊரில், மரக்கலங்கள் வந்து தங்கும் துறையருகே இருந்துகொண்டு இச்சொல்லை எழுதுவதில் தனியுவகை உண்டு. நிற்க.

மனிதனுடைய கலம் ஒன்றினுள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டிவைத்தால் அது ஏறக்குறைய 2 மீற்றர் நீளும். அதனைத் தாங்கும் கருவோ ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் சிறியது. இவ்வளவு நீண்ட இழை அவ்வளவு சிறிய அறையில் அடங்குவதற்கு ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் துணைசெய்கின்றன. எட்டு ஹிஸ்டோன்கள் கூடி ஓர் உருளையாகின்றன. 147 எழுத்திணைகள் கொண்ட இழைத்துண்டு அதன்மேல் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. இவ்வமைப்பை 1974இல் ரோஜர் கோர்ன்பர்க் எடுத்துரைத்தார். அதன் நுண்ணிய வடிவம் 1997இல் தெளிவாயிற்று.

இடத்தை மிச்சப்படுத்துவதோடு இச்சுருளின் பணி முடிந்துவிடவில்லை. ஹிஸ்டோனின் வாலில் ‘அசற்றைல்’ என்னும் சிறு குறி ஒட்டினால் சுருள் நெகிழ்கிறது. அவ்விடத்து மரபெழுத்துகள் படிக்கத்தக்கனவாகின்றன. வேறு சில குறிகள் ஒட்டினாலோ சுருள் இறுகி எழுத்துகள் மறைகின்றன. நம் தோற்கலத்திலும் நரம்புக்கலத்திலும் இருப்பது ஒரே இழைதான். எப்பகுதி திறந்துள்ளது, எப்பகுதி மூடியுள்ளது என்பதிலேதான் அவை வேறுபடுகின்றன. எத்தொழிலையும் இன்னும் ஏற்காது, பல தொழிலுக்கும் உரியதாய் நிற்பதே மூலக்கலம். வளர்ந்த மனிதனிடம் அத்தகைய கலங்கள் உண்டெனினும் அவற்றின் உரிமை சுருங்கியது. குருதியின் மூலக்கலம் குருதியையே ஆக்கும். அறுந்த விரலை அது தராது.

எளிய விலங்குகளின் நிலை வேறு. 1740இல் ஹேக் நகரருகே ஆபிரகாம் திரெம்பிளே என்னும் ஆசிரியர், தம் மாணாக்கரான சிறுவர் இருவருக்குப் பாடம் சொல்லிவந்த காலத்தில், நன்னீர் ஐதராவை இரண்டாக வெட்டி, துண்டுகள் இரண்டும் முழு உயிர்களாவதைக் கண்டார். ஐரோப்பாவே வியந்தது. ஐதராவின் கடல்வாழ் உறவினம் ஒன்று, ஐதரக்டினியா என்பது, அவ்வியப்பின் உள்ளிருக்கும் காரணத்தை இன்று நமக்குக் காட்டி வருகிறது.

வெறுஞ்சங்கைத் தன் வீடாக்கி இழுத்துத் திரியும் நண்டை நம் கடற்கரைச் சிறுவர் அனைவரும் அறிவர். அட்லாந்திக்குக் கடலின் வடகரைகளில் வாழும் அவ்வகை நண்டுகளின் ஓட்டின்மேல் மெல்லிய உரோமம்போற் படர்ந்து, கூட்டமாக வாழ்வது ஐதரக்டினியா. அயர்லாந்தின் கால்வே நகரப் பல்கலைக்கழகத்தில் யூரி ஃபிராங் என்பவரும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்கின்றனர். இவ்விலங்கு தன் இழையைக் கட்டிவைக்கும் ஹிஸ்டோன்களை அவர்கள் 2016இல் விரித்துரைத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை நம்முடையவற்றை ஒத்தவை. ஆனால் விந்தணுவில் இழையை இறுகக் கட்டுவதற்கென்றே தனிவகை ஹிஸ்டோன்கள் சில அதனிடம் உள. 2017இல் மற்றொன்று தெரியவந்தது. ஹிஸ்டோனிலிருந்து அசற்றைல் குறியைக் களையும் நொதியம் ஒன்றைத் தடுத்தால், மூலக்கலங்களிலிருந்து நரம்புக்கலங்கள் செவ்வனே தோன்றுவதில்லை. இன்ன கலமாகுக என்று மூலக்கலத்துக்கு ஆணையிடுவதில் மூடுவதற்கும் பங்குண்டு என்பது இதனாற் பெறப்படுகிறது.

2023இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதனினும் வியப்பானவை. ஒன்றில், தனியொரு மூலக்கலத்தை எடுத்து, தன் மூலக்கலங்களை இழந்த மற்றொரு கூட்டத்தில் இட்டனர். அந்த ஒரு கலத்தின் வழித்தோன்றல்களே நாளடைவில் உடலையும் பாற்கலங்களையும் ஆக்கின. மற்றொன்றில், மூலக்கலமே இல்லாத வாய்ப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்தனர். அங்கிருந்த கலங்கள் சில முதுமையுற்றன; அவை விடுத்த குறிப்பால் அண்டைக் கலங்கள் தம் பழைய தொழிலைத் துறந்து மூலக்கலங்களாக மாறின. முதுமையுற்ற கலங்களோ வாய்வழியே வெளியேற்றப்பட்டன. பின்னர் முழுவுடல் முளைத்தது. தொழில் ஏற்று மூடிக்கொண்ட இழை மீண்டும் அவிழ்ந்தாலன்றி இது நிகழுமா?

‘அவ்வாறாயின் நம் கலங்களின் கட்டையும் அவிழ்த்துவிடலாமே’ என்று மாணவர் கேட்கக்கூடும். ஈண்டுத்தான் அச்சம் தொடங்குகிறது. பிளனேரியா என்னும் தட்டைப்புழு மூலக்கலங்கள் நிறைந்தது. 2018இல் ஒக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், அதன் ஹிஸ்டோன்களில் குறியிடும் புரதம் ஒன்றின் ஆக்கத்தைக் குறைத்தனர். மூலக்கலங்கள் கட்டுமீறிப் பெருகி, உடலிற் புடைப்புகள் எழுந்தன. மனிதரிடத்தில் இதனோடு உறவுடைய மரபணுக்கள் பல புற்றுநோய்களில் பழுதுபட்டிருக்கக் காண்கிறோம். சிறுவரின் மூளைத்தண்டில் எழும் கொடிய கட்டிகள் பலவற்றில், ஹிஸ்டோன் ஒன்றின் வாலில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பது 2012இல் கண்டறியப்பட்டது. ஒரு புழுவின் புடைப்பும் ஒரு குழந்தையின் உயிரும் இவ்வாறு ஒரே நூலிற் கோக்கப்பட்டுள்ளன.

யப்பானில் ஷின்யா யமனாக்கா 2006இல் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, எலியின் முதிர்ந்த கலத்தை மூலக்கலத்தை ஒத்ததாக மாற்றினார். 2012இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றார். அந்நான்கனுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. அவ்வழியாற் பெற்ற கலங்களிலிருந்து தோன்றிய எலிகள் சிலவற்றிற் கட்டிகள் எழுந்தன. ஆகவே மனிதக் கலத்தின் இறுக்கத்தைக் குறையென்று மட்டும் கூற நான் துணியேன். நெடுங்காலம் வாழும் பேருடலுக்கு அது காவலாகவும் இருக்கலாம்.

ஐதரக்டினியாவோ அவிழ்க்கவும் வல்லது, அவிழ்த்ததை மீண்டும் முறையாக அடுக்கவும் வல்லது. இவ்விரண்டாம் வித்தைதான் மருத்துவத்துக்கு வேண்டியது. நம் அண்டை நாட்டில், புனே நகரின் இந்திய அறிவியற் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், சஞ்சீவ் கலாண்டேயும் அவருடைய குழுவினரும் நன்னீர் ஐதராவைக்கொண்டு அதனையொட்டிய வினாவை எழுப்பினர். தலை உருவாகும்போது இழையின் எப்பகுதிகள் முடுக்கப்படுகின்றன என்பதை, ஹிஸ்டோன்மேற் படிந்த குறிகளைத் தேடிப் பார்த்து, 2020இல் வரைபடமாக்கி வெளியிட்டனர்.