கண்ணாடியும் காற்றும்

மேகமலைக்கும் ஏலமலைக்கும் இடையே நீண்டு கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூர் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரைக்கும், கடைவீதி உள்ள ஊர் எதிலும் ஒரு கண்ணாடிக் கடையாவது இல்லாமல் இராது. வீட்டு ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம் கோப்பதும், நகைக்கடைக்கு அலமாரி செய்வதும், ஜவுளிக்கடையின் முகப்பை அடைப்பதும், சுவாமி படங்களுக்கு ஃபிரேம் போடுவதும் அந்த ஒரே கடையின் வேலைகள். அளவெடுப்பவரும், அறுப்பவரும், ஏணியில் ஏறி மாட்டுபவரும் பெரும்பாலும் கடைக்காரரே; துணைக்கு இரண்டொரு பையன்கள் இருப்பார்கள். கொரோனா என்னும் மகாமாரி நாட்டைப் பீடித்த காலத்தில் இந்தச் சிறு தொழில் ஜனங்களுக்குச் செய்த உபகாரத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு அமலுக்கு வந்து, அன்று நள்ளிரவு முதல் தேசமெங்கும் ஊரடங்கு பரவியபோது, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மலைப்பாதைகள் மூடப்பட்டன. ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வந்த தொழிலாளர்கள் வீட்டோடு முடங்கினார்கள். ஜில்லாவே திரண்டு கூடும் வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவும் அவ்வருஷம் நின்றுபோயிற்று. பாதியில் நின்ற வீடுகளில் ஜன்னல் இருக்கவேண்டிய இடம் வெறும் துவாரமாகவே கிடந்தது. பூட்டிய கடைகளுக்குள் சாய்த்து அடுக்கிய கண்ணாடித் தகடுகளுக்கும் அந்த ஓய்வு நல்லதல்ல. நெடுநாள் அசையாமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தகடுகளுக்கிடையே ஈரம் புகுந்தால், எவ்வளவு துடைத்தாலும் போகாத வானவில் போன்ற கறை விழுந்துவிடும் என்பதைத் தொழிலறிந்தவர் எவரும் சொல்வர்.

கண்ணாடி உற்பத்தியாகும் இடத்திலோ நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலையைப் போன்றவற்றில், மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக்கல்லும் ஏறத்தாழ 1,500 டிகிரி வெப்பத்தில் உருகி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து பரவித் தகடாகின்றன. ஒருமுறை மூட்டிய உலையைப் பல வருஷங்களுக்கு அணைப்பதில்லை; அணைத்தால் உள்ளிருக்கும் கண்ணாடி இறுகி, உலையே பாழாகும். இடைவிடாது இயங்கவேண்டிய ஆலைகள் மாநில அரசின் அனுமதி பெற்று நடக்கலாம் என்று மத்திய அரசின் முதல் ஊரடங்கு உத்தரவிலேயே விலக்கு அளித்தது இத்தகைய தொழில்களின் இயல்பை உத்தேசித்துத்தான்.

மே மாதம் 11ஆம் தேதி முதல் 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்து, கட்டுமானப் பொருள், ஹார்டுவேர், பெயின்ட் முதலிய கடைகளின் கதவுகள் மேலே ஏறியபோது, கண்ணாடிக் கடைக்காரரைத் தேடி வந்த வேலை ஜன்னல் வேலையன்று, தடுப்பு வேலை. மருந்துக்கடை மேஜைக்கு ஒன்று, வங்கிக் கவுண்டருக்கு ஒன்று, டாக்டரின் கன்ஸல்டிங் அறைக்கு ஒன்று: கீழே பணமும் சீட்டும் நுழைய ஒரு வாய், மேலே முகத்துக்கு முகம் தெரிய ஒரு தகடு.

இவற்றுள் மிகவும் விசேஷமானது சளி மாதிரி எடுக்கும் கூண்டு. தென்கொரியாவில் தோன்றிய இந்த யுக்தியைப் பின்பற்றி, நம் மலைக்கு அந்தப் புறத்தில், எர்ணாகுளம் ஜில்லாக் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கூண்டு, இந்தியாவில் முதன்முதலாக அமைந்தவற்றுள் ஒன்று. அலுமினியச் சட்டம், முன்புறத்தில் ஒளி ஊடுருவும் தகடு, அதில் கை நுழையும் அளவுக்கு இரண்டு வட்டத் துவாரங்கள், அவற்றில் இறுகப் பொருத்திய நீண்ட ரப்பர் கையுறைகள். உள்ளே ஊழியர், வெளியே நோயாளி. இதில் நம் பள்ளத்தாக்கின் பட்டறைகளுக்குத் தெரியாத அங்கம் எதுவுமில்லை. ஆனால் அந்த இரண்டு வட்டங்களில்தான் வித்தை இருக்கிறது. நேர்கோட்டை மண்ணெண்ணெயில் தோய்த்த கட்டரால் ஒரே இழுப்பில் கீறி, மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினால் கண்ணாடி கீறலின் வழியே விட்டுக்கொடுக்கும். வட்டத் துவாரத்துக்கோ வைரத்தூள் பதித்த துரப்பணத்தை நீர் விட்டு விட்டுப் பொறுமையாகச் சுழற்ற வேண்டும். விளிம்புக்கு அருகே வந்தால் தகடே பிளந்துவிடும். டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால், உலையில் காய்ச்சிப் பதப்படுத்துமுன்பே துளையும் அளவும் முடிந்திருக்க வேண்டும். பிறகு உளி பட்டாலும் தூள்தான்.

ஆகவே அவசரத்துக்கு அக்ரிலிக்கே கை கொடுத்தது. எடையில் கண்ணாடியின் பாதிக்கும் குறைவு, சாதாரண ரம்பத்துக்கே அறுபடும், கீழே விழுந்தாலும் சிதறாது. எனினும் கிருமிநாசினி என்று நாளெல்லாம் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கப்பட்ட அந்தத் தகடுகள் நாளடைவில் மெல்லிய வெடிப்புகள் ஓடி, புகை படிந்ததுபோல் மங்கின. அதே துடைப்பைக் கண்ணாடி வருஷக்கணக்கில் தாங்கிற்று. சிரமப்பட்டாலும் கண்ணாடியையே போட்டுக் கொடுத்த கடைக்காரர்களின் தீர்மானம் சரியானது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தும்மலிலும் இருமலிலும் தெறிக்கும் திவலைகளைத் தடுப்பு மறிக்கும். அறைக்காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அது மறிக்காது. அடைத்த இடங்களில் நோய் காற்றின் மூலமும் பரவுகிறது என்பதை 2021 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் தெளிவுபடுத்திய பிறகு, தடுப்புகளை நெருக்கமாக வைத்தால் காற்றோட்டமே தேங்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். அப்போதுதான் நம் ஜன்னல்களின் லட்சணம் பிரத்தியட்சமாகப் புலப்பட்டது. தென்மேற்குப் பருவத்தில் மலை இடுக்கு வழியே பாய்ந்து வரும் காற்றை நம்பிக் காற்றாலைகளை நாட்டியிருக்கும் இந்தப் பூமியில், குளிர்சாதனத்தை உத்தேசித்துத் திறக்கவே முடியாதபடி கண்ணாடியால் அடைத்த கடைகளைக் கட்டிவைத்திருந்தோம். வீடுகளிலும், இரண்டு தடத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு அகலமாயினும் பாதிதான் திறக்கும். பாட்டனார் காலத்து மரக்கதவு ஜன்னலோ முழுவதும் திறந்து கொடுத்தது.

அலுமினியத்திலேயே கீலில் முழுதும் திறக்கும் ஜன்னல் உண்டு. கொசுவலையோடு சேர்த்து மூன்று தடத்தில் ஓடும் ஜன்னலும் உண்டு. விலை சற்றுக் கூடுதல், அவ்வளவே. அறையின் எதிர் எதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். கடைகளின் கண்ணாடி முகப்பிலும் மேற்புறத்தில் திறக்கும் ஒரு பகுதியை விடக் கடைக்காரருக்குக் கை வரும், கேட்பவர்தாம் இல்லை. தேனி ஜில்லாவில் இனி வீடோ கடையோ கட்டுவோர், கண்ணாடியின் நிறத்தையும் கனத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், சட்டத்தில் எத்தனை சதுர அடி திறக்கும் என்று கேட்டு, அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.