துண்டு கவசம் ஆகாது



அரியலூர் மாவட்டத்தில் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதை நம்பி 1979ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் அடுத்தடுத்து வந்தன. பெரம்பலூர் பக்கம் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் ஓடுகின்றன. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கட்டுமான வேலைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. தூசியிலும் உயரத்திலும் சிமெண்ட் கலவையிலும் நின்று சம்பாதித்த காசில் நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிகிறது.

இந்த வேலைகளில் நம்மவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது தோளில் கிடக்கும் துண்டைத்தான். தலையில் கட்டினால் வெயிலுக்கு, மூக்கில் கட்டினால் தூசிக்கு, கையில் சுற்றினால் சூட்டுக்கு. துண்டு வியர்வையைத் துடைக்கும், வெயிலைக் கொஞ்சம் தாங்கும். அதற்கு மேல் அதனால் முடியாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தலை

வேலைத்தள ஹெல்மெட்டுக்குள் பட்டைகள் வைத்துத் தைத்திருப்பார்கள். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விடுவதே அந்தப் பட்டைகளின் வேலை. மேலிருந்து செங்கல் விழுந்தால் அதன் வேகத்தைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். தலையோடு ஒட்டிய மெல்லிய தொப்பி என்றால் அவ்வளவு தொந்தரவில்லை; தடித்த தொப்பியும் தலைப்பாகையும் கூடாது. வாங்கும்போது ஐ.எஸ். 2925 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பைக் ஹெல்மெட் வேறு, இது வேறு. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட், வெடிப்பு தெரியாவிட்டாலும், மாற்றப்பட வேண்டியதே.

மூச்சு

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. கருங்கல், மணல், டைல்ஸ் இவற்றில் சிலிக்கா இருக்கிறது. கிரஷரில் கல்லை உடைக்கும்போதும், மெஷினில் டைல்ஸ் வெட்டும்போதும் அது நுண்தூசியாகப் பறக்கும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து சிலிக்கோசிஸ் வரும். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். கல் வேலை செய்பவருக்கு நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் இருந்தால், தாம் செய்யும் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

துண்டின் நூல் இடைவெளியில் இந்த நுண்தூசி தாராளமாகப் புகும். பச்சை நிற ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதற்குப் போதாது. ஐ.எஸ். 9473 தரத்தில் எஃப்.எஃப்.பி.2 என்று அச்சிட்ட மாஸ்க் வேண்டும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போட்டு, மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று புகாமல் அணிய வேண்டும்.

தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாஸ்க் தோலோடு ஒட்டினால்தான் வடிகட்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது; காற்று அந்த வழியாகவே தூசியோடு உள்ளே போகும். சுன்னத்தை விடச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. மாஸ்க் போட்டிருக்கிறோம் என்று நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம். வழிகள் இருக்கின்றன. தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினைப் பயன்படுத்தினால் தூசி எழுவதே குறையும். ஆனால் அந்த கரண்ட் லைனில் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். தூசி குறைந்த வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வடிகட்டிய காற்றை மோட்டார் மூலம் தலைக்கவசத்துக்குள் அனுப்பும் கருவியும் உண்டு. அதில் தளர்வான வகை முகத்தோடு ஒட்ட வேண்டியதில்லை. பெரிய ஆலைகளில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கை, கால், கண்

ஈர சிமெண்ட் கடும் காரம். தோலைச் சுடும், ஆனால் உடனே வலிக்காது. கான்கிரீட் போடும் அன்று வெறுங்காலோடு கலவையில் நின்றவருக்கு இரவில்தான் எரிச்சல் தொடங்கும். காலையில் பார்த்தால் தோல் வெந்திருக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் ரப்பர் கையுறையும் போட வேண்டும். பூட்ஸுக்குள் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் காலைக் கழுவ வேண்டும். உள்ளே தேங்கும் கலவை இன்னும் மோசம். கையில் வெடிப்பு இருப்பவர்கள் கலவை வாளித் தண்ணீரில் கை கழுவ வேண்டாம். உளூவுக்கு முன் நல்ல தண்ணீரில் கைகால்களை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கண்ணில் சிமெண்ட் விழுந்தால் கசக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதெல்லாம் உண்டு. அவர்கள் அளவுக்குப் பொருந்தும் கையுறையும் பூட்ஸும் வேண்டும். கலவை மெஷின் அருகே நிற்கும்போது முந்தானையோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது. மேலே முழுக்கைச் சட்டை போட்டு, உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

உயரம்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் ஆளைப் பிடித்து நிறுத்தும்போது, விழுந்த வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை என்று உடல் முழுவதும் பிடிக்கும் பெல்ட்டே சரி. அதற்கான தரம் ஐ.எஸ். 3521. அதைப் போட்டுக்கொண்டு கொக்கியை எங்கும் மாட்டாமல் நிற்பவர்களையும் பார்க்கிறோம். மாட்டாத பெல்ட் வெறும் சுமை. ஆடும் சவுக்குக் கம்பில் மாட்டினால், சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்தே போவார். தலைக்கு மேல், கட்டடத்தின் உறுதியான பாகத்தில் மாட்ட வேண்டும்.

பெல்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது சாரத்துக்குக் கைப்பிடியும் கீழே வலையும். 1930களில் அமெரிக்காவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது வேலையாட்களுக்குக் கீழே வலை கட்டினார்கள். அதில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். ஆபத்தையே குறைப்பது முதல் வேலை. உடலில் அணியும் கவசம் கடைசி அரண்.

யார் வாங்கித் தர வேண்டும்?

வேலை தருபவர்தான், இலவசமாக. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கூலியில் பிடிப்பது தவறு. கொடுத்ததை அணிய வேண்டிய பொறுப்பைத் தொழிலாளி மேல் அதே சட்டம் வைக்கிறது. தொழிலாளியின் உடல்நலம் அவரது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆலைகளில் குறை இருந்தால் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் தரலாம். கட்டட வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்தும் வைத்திருக்க வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. சவூதியில் அதே மூன்று மாதம் 12 முதல் 3 மணி வரை. அந்த ஓய்வு உங்கள் உரிமை.

நாமும் முதலாளிகளே

வெளிநாட்டுப் பணத்தில் ஊரில் வீடு கட்டுகிறோம். அந்தச் சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை கொடுப்பது நாம்தான். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் உயிருக்கு நாம் பொறுப்பு. ஒரு மூட்டை சிமெண்ட் விலைக்குள் ஒரு ஹெல்மெட் கிடைக்கும். வாசல் நிலைக்கும் மார்பிளுக்கும் செலவழிக்கும் நாம், மேஸ்திரியிடம் பேசும்போதே ஹெல்மெட், பூட்ஸ், பெல்ட் எல்லாம் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.

"அல்லாஹ் விதித்தது நடக்கும், ஹெல்மெட் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உஹுத் போருக்கு நபி (ஸல்) அவர்கள் இரண்டு கவச ஆடைகளை அணிந்து சென்றார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அல்லாஹ்வின் மீது அவர்களை விட அதிகம் தவக்குல் வைத்தவர் யார்? உயிர் அமானிதம். அதைக் காக்கச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.

நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும் மகனிடம், சோறு எடுத்துக்கொண்டாயா என்று கேட்கும்போது, மாஸ்க்கும் பூட்ஸும் எடுத்துக்கொண்டாயா என்றும் கேளுங்கள். உழைக்கப் போகும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.