முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள்

தவளக்குப்பத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் போட்டிருக்கிறார். மகள் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறாள். கையில் இருப்பது, கடலூர்ப் பக்கம் அவளுடைய அத்தை மகனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. அவன் வேலைக்குப் போனதும் இவளிடம் வந்திருக்கிறது. கிரீட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் லேயர் கூடக் கூடப் பிரஷ் கைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறதாம். வீடியோ வெட்ட உட்கார்ந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறதாம். "ஐயாயிரம் வரை புரட்டலாம். ராம் போடுவதா, எஸ்.எஸ்.டி. போடுவதா, கிராபிக்ஸ் கார்டு போட முடியுமா? கடையில் புதுசே வாங்கிடுங்க என்கிறார்கள்."

கிராபிக்ஸ் கார்டு கேள்வியை உடனே முடித்துவிடலாம். போட முடியாது. அந்த ரகத்தில் வரைகலைச் சில்லு ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. தனியாகச் செருக இடமே கிடையாது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக வந்த மடிக்கணினிகளை நான் நிறையத் திறந்து பார்த்திருக்கிறேன். தொடக்க வருஷங்களில் 2 ஜிபி ராம், பிறகு 4 ஜிபி. எல்லாவற்றிலும் சுழலும் ஹார்டு டிஸ்க். இப்போது கல்லூரி மாணவர்களுக்குத் தருகிற புதியவற்றில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதியை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கடந்துவிடலாம் என்பது தெரியாமலே எத்தனை பழைய இயந்திரங்கள் பரணில் கிடக்கின்றன! பாதி விலைக்குக்கூட இல்லை, கால் விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. பொதுப்பணத்தில் வாங்கிய பொருள் என்ற நினைப்பு கொஞ்சமாவது இருந்திருக்கலாம்.

பிரஷ் ஏன் நொண்டுகிறது? ஏ3 தாளை 300 டிபிஐயில் திறந்தால் 1.74 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நாலு பைட் என்றால், முழுதும் வண்ணம் நிரப்பிய ஒரு லேயர் ஏறக்குறைய 70 எம்பி. இருபது லேயருக்கு 1.4 ஜிபி. 'அன்டூ' நினைவு வேறு. விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே பாதியைத் தின்றுவிட்ட 4 ஜிபியில் இது அடங்காது. அடங்காததை இயந்திரம் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து எடுக்கிறது. நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 5.6 மில்லி வினாடி. முள் நகர்கிற நேரம் தனி. ராம் அதே வேலையை ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான வேகத்தில் செய்யும். அதனால் சுழலும் தட்டும் நகரும் முள்ளும் இல்லாத எஸ்.எஸ்.டி.தான் முதல் செலவு, சந்தேகமே வேண்டாம். இரண்டரை அங்குல சாட்டா வகை போதும். பழைய டிஸ்க் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அதே இணைப்பில் பொருந்தும். விலை கூடிய அதிவேக வகையைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் இயந்திரத்தில் பெரும்பாலும் அதற்குப் பொருத்துமிடம் இருக்காது.

அடுத்தது ராம். இதில்தான் எனக்கு மிகப் பிடித்த விநோதம் ஒன்று இருக்கிறது. 8 ஜிபி ஒரே பட்டையாகப் போடுவதும் 4 ஜிபியாக இரண்டு போடுவதும் ஒன்றல்ல.

ப்ராசஸருக்குள் குடியிருக்கும் வரைகலைச் சில்லுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ராமிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஃபுல் எச்.டி. திரையைச் சும்மா காட்டிக்கொண்டிருப்பதற்கே வினாடிக்கு அரை ஜிபி ஓடுகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு உருவத்தைத் திருப்பிப் பார்த்தால் அது எங்கேயோ போய்விடும். ப்ராசஸரும் அதே வழியில்தான் எடுக்கிறது. நான் வளர்ந்த வீட்டில் கிணறு ஒன்று, குடித்தனம் இரண்டு. ஒரே ராட்டினம். காலையில் பின்கட்டு அத்தை இறைத்து முடிக்கும்வரை என் அம்மா குடத்தோடு நிற்பார். அப்பா எதிர்ச் சுவரில் இன்னொரு ராட்டினம் மாட்டினார். கிணற்றில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை; காத்திருப்பு போய்விட்டது. இரண்டாவது ராம் பட்டை அந்த இரண்டாவது ராட்டினம். டி.டி.ஆர்.4, 2400 வேகத்தில் ஒரு பட்டை வினாடிக்கு 19.2 ஜிபி வரை தரும். இரண்டு சேர்ந்தால் 38.4. இயந்திரம் தரவைப் பிரித்து இரண்டிலும் மாற்றி மாற்றி வைப்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறைக்கலாம். கிரீட்டாவில் தாளைச் சுழற்றுவதிலும் பெரிதாக்குவதிலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

4 ஜிபி ஏற்கெனவே இருந்து, 8 ஜிபி ஒன்றை மட்டும் வாங்க முடிந்தால்? அதுவும் வீணில்லை. பெரும்பாலான இயந்திரங்களில் முதல் நாலும் நாலும் ஜோடியாக ஓடும்; மிச்ச நாலு தனியாக ஓடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில மலிவு ப்ராசஸர்களுக்கு ராமுக்குப் போகும் தடமே (சேனல்) ஒன்றுதான். அதில் இரண்டு பட்டை போட்டால் கொள்ளளவு கூடும், வேகம் கூடாது. சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் ப்ராசஸரின் பெயரைக் காட்டும்; அதற்குத் தடம் எத்தனை என்று தயாரித்தவரின் தளத்தில் பாருங்கள். அதன் 'மெமரி' பக்கத்தில் வரும் 'சிங்கிள்', 'டூயல்' இப்போது ஓடுகிற முறையை மட்டுமே சொல்லும்; ஒரே பட்டை இருந்தால் எப்படியும் 'சிங்கிள்'தான். காலி இடம் உண்டா என்பதை டாஸ்க் மேனேஜரே சொல்லும்: 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால் ஒரு இடம் காலி. இவற்றைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். டி.டி.ஆர்.3க்கும் 4க்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. ஆனால் டி.டி.ஆர்.3-லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, வெட்டு ஒன்றுதான். பிந்தைய மடிக்கணினிகள் பல 1.35-ஐ மட்டுமே ஏற்கும். பட்டையின் சீட்டில் 'எல்' என்ற எழுத்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. செருகும் இடத்தில் பட்டையின் தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால், பென்சில் அழிப்பானால் மெதுவாக ஒரு தடவை தேய்த்துத் துகளை ஊதிவிடுவார்கள் நம் மெக்கானிக்குகள். 'ராம் போச்சு' என்று ஒதுக்கிய பட்டை சில நேரம் இதிலேயே எழுந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய்விடும்.

ராம் விலைதான் இப்போது வயிற்றெரிச்சல். செயற்கை நுண்ணறிவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. மாணவர்கள் நம்பி வாங்கிய க்ரூஷியல் பெயரில் சில்லறை விற்பனையையே கைவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. படம் வரைந்து தரும் இயந்திரத்துக்காக, படம் வரைகிற பிள்ளையின் ராம் விலை ஏறுகிறது! சென்னை ரிச்சி தெருவில் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய பட்டைகள் கிடைக்கும். ராம் எளிதில் தேயாத பொருள். சோதித்துப் பார்த்துப் பழையதையே வாங்கலாம். எஸ்.எஸ்.டி. மட்டும் புதிதாக வாங்குங்கள். எழுத எழுத அது தேயும்.

"புதுசே வாங்கிடுங்க" என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் புதுசில் ராம் கழற்றக்கூடியதா, பலகையோடு பற்றவைத்ததா? மெல்லிய மாடல்கள் பலவற்றில் பற்றவைத்திருக்கிறார்கள். வாங்கிய அன்று இருப்பதுதான் கடைசிவரை. புதுச்சேரிக் காவலரின் தலையில் சிவப்புத் தொப்பியை விட்டுப்போன பிரான்ஸில், 2021 ஜனவரி முதல் மடிக்கணினிக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண், பத்துக்கு இத்தனை என்று, விலைக்குப் பக்கத்திலேயே போட்டாக வேண்டும். எளிதாகக் கழற்ற முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா என்பதற்கெல்லாம் மதிப்பெண். தொப்பியோடு இதுவும் வந்திருக்கலாம். நம் ஒன்றிய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் ஒன்று திறந்தது, நல்லதுதான்; கடைக்குள் நிற்கும் தாயாருக்கு விலைச்சீட்டில் ஒரு எண் இருந்தால் இன்னும் நல்லது.

காசில்லாமல் ஆகிற காரியங்களும் உண்டு. விசிறியில் அடைந்த தூசியை எடுங்கள். சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கைபேசி வீடியோ எச்.265 முறையில் இருந்தால் பழைய ப்ராசஸர் அதை அவிழ்க்கவே திணறும். கேமரா அமைப்பில் எச்.264-க்கு மாற்றுங்கள். வீடியோ வெட்டும் கேடென்லைவ் மென்பொருளில் 'ப்ராக்ஸி'யை இயக்கினால் சின்ன நகலை வைத்து வெட்டலாம். கடைசியில் அசல் தரத்திலேயே வெளிவரும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11 இந்தப் பழைய ப்ராசஸர்களை ஏற்காது. லினக்ஸுக்கு மாறலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அந்த மடிக்கணினிகளில் போட்டுத்தான் கொடுத்தார்கள், யாரும் திறக்கவில்லை! கிரீட்டா, பிளெண்டர், இங்க்ஸ்கேப் எல்லாம் லினக்ஸில் ஓடும். அடோபி ஓடாது.

திரையின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இந்த விலைத் திரைகள் எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடுவதில்லை. நல்ல சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் நல்ல கைபேசி ஒன்றில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள் அம்மா. அழித்தாலும் மீட்டெடுக்கக்கூடிய குடும்பப் படங்கள் அதில் இருக்கும். டிவிடி டிரைவ் இருக்கிற மாடல் என்றால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கேடி' என்கிற சட்டம் போட்டு டிஸ்க்கை உள்ளேயே வைக்கலாம். முடித்த ஓவியங்களைச் சேமிக்க உதவும். சட்டம் 9.5, 12.7 மில்லி மீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும். கழற்றிய டிவிடி டிரைவைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.