பல்சரின் காலைக் கழற்றிய ஞாயிறு

இரண்டு வாரமாக எனக்கு அந்தக் குழாய்மேல் ஒரு கண். என் பழைய பல்சரின் முன்பக்க ஃபோர்க்கில், பளபளவென்று இருக்க வேண்டிய இடது குழாயைச் சுற்றி மை தீட்டியதுபோல ஒரு கறுப்பு வளையம். துடைத்தால் போகும், தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினால் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். தொட்டு முகர்ந்தேன். எண்ணெய்தான். மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை: “ஆயில் சீல் போயிருச்சுண்ணே. விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க.”

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக என் தோளையும் முதுகையும் ஊர்க் குழிகளிலிருந்து காப்பாற்றி வரும் அந்த ஃபோர்க் காலுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி விடுவது? கூத்துக் கொட்டகையின் பின்பக்கத் தட்டியைப் பிரித்துப் பார்த்து, பாதி வேஷத்தில் பீடி குடிக்கும் ராஜாவிடம் திட்டு வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். ஞாயிறு காலை, காபி குடித்த கையோடு வாசலில் பழைய பேப்பரை விரித்துவிட்டேன். அக்கா மகன் டார்ச்சோடு வந்து சேர்ந்தான்.

முதலில் ஒரு குறுக்குவழி. ஃபோர்க் கசிந்தால் சீல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை; பல சமயம் சீலின் உதட்டுக்கடியில் ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருக்கும். மேலே இருக்கும் தூசி மூடியை நெம்பித் தூக்கிவிட்டு, மெல்லிய பிலிம் துண்டை உள்ளே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் துகள் வெளியே வந்துவிடும். சரி, இந்தக் காலத்தில் பிலிமுக்கு எங்கே போவது? அம்மாவின் இரும்புப் பெட்டிக்குத்தான்.

“டேய், அதுல உங்கப்பா தாலி கட்டுறாருடா!”

“கடைசித் துண்டும்மா. அதுல யாருமே இல்ல.”

அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கத்தரிக்கோல் கிடைத்தது. ஓரத்தில் தூண்டில்போல ஒரு கொக்கி வெட்டி உள்ளே விட்டுச் சுழற்றினேன். கறுப்புக் களிம்போடு நாலைந்து மணல் வந்தது. வண்டியை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். கசிவு நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், நிற்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரே குஷி!

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, பிரேக் காலிப்பரைக் கழற்றி, அது டியூபில் தொங்காதபடி கயிற்றால் ஹேண்டில்பாரில் கட்டினேன். பேடுகளுக்கு நடுவே ஒரு அட்டைத்துண்டை வைத்தது நல்லதாகப் போயிற்று. திரும்பிப் பார்ப்பதற்குள் மருமகன் பிரேக்கை அமுக்கிவிட்டான். அட்டை இல்லையென்றால் பிஸ்டன் வெளியே வந்து நின்றிருக்கும். பிறகு சக்கரம், மட்கார்டு. காலை மேலே பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருகி இழுத்தால், கால் அப்படியே கையோடு வந்துவிட்டது. குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். மருமகன் போட்டோ எடுத்தான்.

மேல் மூடியைத் திறக்கும்போது முகத்தை எட்ட வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தி வைத்த ஸ்பிரிங் அதற்கடியில்தான் காத்திருக்கிறது. ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக் கடைசி மரையைக் கழற்றினேன். கையைத் தள்ளிக்கொண்டு மூடி எழுந்தது. ஸ்பிரிங்கை உருவிவிட்டு டப்பாவில் கவிழ்த்தால், ஐயோ அந்த எண்ணெய்! மீன் கழுவிய தண்ணீர் நிறம். நாற்றமும் ஏறக்குறைய அதே. அலுமினியத் தூள் கலந்து கலந்து வந்த சாம்பல் நிறம் அது.

இந்த எண்ணெய்க்குத்தான் எல்லாப் பாடும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஒரு குழிக்கு நாலு தரம் குதிக்கும். உள்ளே இருக்கும் தண்டின் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் பிதுங்கிப் போவதால்தான் குதிப்பு அடங்குகிறது. 1935-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ ஆர்12 வண்டியில் எண்ணெய் அடக்கிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்தது. என் வாசலில் கிடந்ததும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

அடியிலிருக்கும் போல்ட்டில் வந்து மாட்டிக்கொண்டேன். ஆலன் கீ போட்டுத் திருகினால், போல்ட்டோடு சேர்ந்து உள்ளிருக்கும் தண்டும் சுற்றுகிறது. ஸ்பிரிங்கை எடுப்பதற்கு முன்பே இதைத் தளர்த்தியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் அழுத்தம் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். புத்தி பிறகு வந்தது. கடைசியில் ஒட்டடைக் கம்பின் முனையைச் சீவி, மேலிருந்து விட்டுத் தண்டின் தலையில் அழுத்தி மருமகனைப் பிடிக்கச் சொன்னேன். “மாமா, கழண்டுருச்சு!” போல்ட்டோடு ஒரு செம்பு வாஷர் வந்தது. அதையும் புதிதாகப் போட வேண்டும். பழையது தட்டையாகி அங்கேயே கசியும்.

இனி கதாநாயகன் பிரவேசம். கம்பி லாக்கை எடுத்து, கீழ்க்குழாயின் விளிம்பில் துணியை மடித்து வைத்து டயர் லீவரால் நெம்பினேன். ‘பொளக்’ என்று சீல் வந்து விழுந்தது. வளையல் அளவு ரப்பர். உள்விளிம்பில் மெல்லிய உதடு. அந்த உதட்டைச் சுற்றி இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு சுருள்கம்பி. குழாயை விடாமல் அணைத்துப் பிடிப்பது அந்தச் சுருள்தான். எண்ணெயை முழுக்கத் தடுப்பது இதன் வேலையில்லை என்பது எனக்கே புதிது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் குழாயில் இருக்கத்தான் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ரப்பர் உரசியே தேய்ந்துவிடும். படலம் வளையமாகத் திரளும்போதுதான் கோளாறு.

உதட்டில் ஒரு கீறல். ஆனால் கீறியது யார்? குழாயைத் துடைத்துவிட்டு நகத்தை மேலும் கீழும் ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. கடுகில் பாதிகூட இல்லாத துருப் புள்ளி! ஒவ்வொரு குழிக்கும் மேலேறிக் கீழிறங்கி உதட்டை அறுத்த ஆசாமி இவன்தான். இவனை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் மழைக்காலத்துக்குள் திரும்பவும் இதே கதை. இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, நகம் வழுக்கும்வரை தேய்த்தேன். பள்ளம் ஆழமாக இருந்தால் தேய்த்துப் பயனில்லை, குழாயையே மாற்ற வேண்டும்.

புதுச் சீலை மாட்டும்போது குழாயின் கூரான விளிம்பு உதட்டைக் கிழிக்காமலிருக்க, விளிம்பின்மேல் பாலிதீன் கவரைப் போர்த்தி எண்ணெய் தடவி இறக்க வேண்டும். சுருள்கம்பி தெரியும் பக்கம் கீழே, எண்ணெயைப் பார்த்து. உள்ளே இறக்குவதற்குச் சிறப்புக் கருவி உண்டாம். என்னிடம் பிளம்பர் விட்டுப்போன பிவிசி பைப் இருந்தது. புதுச் சீல்மேல் பழைய சீலை வைத்து, பைப்பை மேலே நுழைத்துத் தட்டினேன். டொப், டொப், டொப்... டக். சத்தம் மாறியதும் எட்டிப் பார்த்தால் லாக்கின் பள்ளம் முழுசாகத் தெரிந்தது.

எண்ணெய் அளவை மேனுவலில் பார்த்து அளந்து ஊற்றினேன். இன்ஜின் ஆயிலை ஊற்றும் கைகளும் உண்டு. அது இதற்கானது இல்லை. அடுத்து வலது கால். அது கசியவில்லைதான், ஆனால் ஒரு காலில் புது எண்ணெய், மறுகாலில் மீன் தண்ணீர் என்றால் வண்டி நொண்டும். இந்தமுறை போல்ட்டை முதலிலேயே தளர்த்தினேன்.

நாலு நாள் ஆகிறது. வளையம் இல்லை. இன்று வண்டியை நிறுத்தும்போது நீங்களும் குனிந்து அந்தக் குழாயில் விரலை வைத்துப் பாருங்கள். எண்ணெய் டிஸ்க்வரை இறங்கியிருந்தால் மட்டும் என்னைப்போல் ஞாயிறுக்காகக் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் குடித்த பிரேக் பேடு துடைத்தால் தேறாது. புதிதுதான் போட வேண்டும்.