ஸ்பிரிங்கை அறுக்காதீர்: பழைய காருக்கு அப்சோர்பர் மாற்றும் முன்

சுங்கை லாலாங், பீடோங் பக்கம் 1993இல் அறிமுகமான புரோட்டோன் வீராவை இன்னும் ஆசையாய் வைத்திருப்பவர்கள் உண்டு. காரைத் தாழ்த்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அறுப்பதுதான் மலிவான வழி என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான்.

ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பழைய அப்சோர்பரால் அதை அடக்க முடியாது, கார் துள்ளும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டை ஸ்பிரிங் இடம்விட்டு நழுவவும் கூடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு போகும்போது இது விளையாட்டல்ல.

இவ்வளவு வயதான காரில் முதலில் பார்க்க வேண்டியவை ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், அப்சோர்பர் மவுண்டிங். ரப்பர் வெடித்திருந்தால் எவ்வளவு விலையுள்ள அப்சோர்பர் போட்டாலும் 'கடகட' சத்தம் நிற்காது. இதைச் சொல்லாமலே ஹை-லோ செட்டை விற்பவர்களும் உண்டு!

அப்சோர்பரை இடது, வலது ஜோடியாக, அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு மாற்றுவதே நல்லது. ஹாஃப்கட் கடையில் எடுத்தால் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். அலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயர் உட்பக்கம் தேய்ந்துபோகும்.

உயரத்தை மாற்றுவதற்கு முன் ஜேபிஜேயில் விசாரித்துக்கொள்வது அவசியம். அனுமதியில்லாத மாற்றத்திற்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம்.